பிளஸ்ஸா, மைனஸா?

எங்கள் கடைக்குக் கல்யாண டிவிடி வாங்க வருகிறவரிடம், பாக்கிப் பணத்தைக் கேட்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்போம். "வீட்ல என்ன பிளேயர் வச்சிருக்கீய?" கம்பெனி பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. எப்போது வாங்கியது, இங்கே டவுனில் எடுத்ததா, மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்ததா என்பதுவரை விசாரணை நீளும். "பொண்ணு வீட்ல கூட இவ்வளவு கேக்கல, அண்ணாச்சி" என்று ஒரு மாப்பிள்ளை அலுத்துக்கொண்டார்.

பதிலைக் கேட்ட பிறகுதான் கடைக்கார அண்ணாச்சியின் கை பின்னால் போகும். அங்கே இரண்டு கேக் பாக்ஸ் இருக்கும். நடுவில் தண்டு வைத்த வட்ட டப்பாவுக்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர். ஒன்றின் மூடியில் மார்க்கரால் கூட்டல் குறி, மற்றதில் கழித்தல் குறி. எழுதி முடித்த காப்பியையும் அதே கணக்கில்தான் பிரித்து வைத்திருப்போம். பழைய பிளேயர் என்றால் மைனஸ். புதியது என்றால் எது கையில் வருகிறதோ அது. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் இருந்த அந்தக் கடையில் நான் எடிட்டிங் உதவியாளாகச் சேர்ந்தபோது எனக்குச் சொல்லித்தரப்பட்ட முதல் பாடம் பிரீமியர் மென்பொருள் இல்லை, இந்த இரண்டு டப்பாதான்.

விசிடி காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. ஒரு சிடியில் 74 நிமிடமோ 80 நிமிடமோ கொள்ளும். ஒரு கல்யாணத்துக்கு மூன்று சிடி ஆகும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பெரும்பாலும் எந்தப் பெட்டியில் போட்டாலும் ஓடிவிடும். என்ன, மாப்பிள்ளை அழைப்பு ஒரு சிடியில், தாலி கட்டுவது அடுத்த சிடியில் என்று பிரிந்து கிடக்கும். பாதியில் எழுந்துபோய் மாற்ற வேண்டும். டிவிடி வந்ததும் எல்லாம் ஒரே டிஸ்க்கில் அடங்கியது. படமும் பளிச்சென்று ஆனது. கூடவே இந்தக் குறிச் சண்டையும் வந்து சேர்ந்தது.

சண்டை நடந்தது எங்கேயோ. 1990களின் நடுவில் தோஷிபாவும் டைம் வார்னரும் ஒரு பக்கம், சோனியும் பிலிப்ஸும் மறுபக்கம் என்று ஆளுக்கொரு டிஸ்க்கை வைத்துக்கொண்டு நின்றார்கள். ஐபிஎம் போன்ற கம்ப்யூட்டர் கம்பெனிகள் "ஒன்றாக வாருங்கள்" என்று நெருக்கியதில் 1995ல் சமாதானம் ஆகி, பொதுவாக ஒரு டிவிடி பிறந்தது. அந்தக் கூட்டமைப்புதான் 1997ல் டிவிடி ஃபோரம் என்று ஆனது. எழுதக்கூடிய டிவிடியை முதலில் கொண்டுவந்தது பயனியர், அதே 1997ல். அப்போது அதில் 3.95 ஜிபிதான் பிடித்தது. 4.7 ஜிபி பிறகு வந்தது. பயனியரின் அந்த டிஸ்க்தான் மைனஸ் ஆர். அழித்து எழுதும் மைனஸ் ஆர்டபிள்யூவும் அவர்கள் வழியில் வந்ததே.

சமாதானம் எழுதுகிற டிஸ்க்குவரை நீளவில்லை. சோனி, பிலிப்ஸ், எச்பி, ரிக்கோ, யமஹா, மிட்சுபிஷி கெமிக்கல் எல்லாம் சேர்ந்து தனிக் கூட்டணி போட்டு பிளஸ் ஆர்டபிள்யூவை 2001ல் கடைக்குக் கொண்டுவந்தன. பிளஸ் ஆர் 2002ல் வந்தது. டிவிடி ஃபோரம் அப்போது இதற்கு அங்கீகாரம் தரவில்லை. அதனால்தான் பிளஸ் டிஸ்க்கில் நாம் வழக்கமாகப் பார்க்கிற அந்த டிவிடி சின்னம் இருக்காது. அதற்குப் பதில் 'ஆர்டபிள்யூ' என்று பெரிதாகப் போட்ட வேறொரு சின்னம். ஒரே ஒரு முறை எழுதும் பிளஸ் ஆரிலும் அதே பெரிய ஆர்டபிள்யூ சின்னம்தான். கீழே பொடியாக 'டிவிடி பிளஸ் ஆர்' என்று இருக்கும். இதைப் பார்த்துவிட்டு, "அழிச்சு எழுதலாம்னு போட்டிருக்கே, பிறந்தநாள் வீடியோவ இதுலயே ஏத்திக் குடுங்க" என்று கல்யாண டிஸ்க்கையே நீட்டியவர்கள் உண்டு. ஜப்பானிலும் ஹாலந்திலும் அமர்ந்து சின்னம் வரைந்தவர்கள் எங்கள் கவுண்டரில் ஒரு நாள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது டிஜிட் இதழ் படித்து. அண்ணாச்சிக்குத் தெரிந்தது நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்து சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் வந்து. அங்கே மொத்த வியாபாரி ஒருவர், "மைனஸ் எடுத்துட்டுப் போங்க, கம்ப்ளைண்ட் வராது" என்று சொன்னதுதான் அவருக்கு வேதம். அது தவறும் இல்லை. 2002ல் சோனி இரண்டு வகையும் எழுதும் டிரைவ் ஒன்றை விட்டது. அடுத்த ஓரிரு வருடத்தில் எல்லாக் கம்பெனியும் அப்படியே செய்தன. எழுதுகிற டிரைவ் இரண்டுக்கும் பழகிவிட்டது. வீட்டில் இருக்கிற பிளேயர்தான் பழகவில்லை.

இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால் ஊதாச் சாயல் தெரியும். எழுதிய டிஸ்க் என்றால், உள்ளிருந்து வெளியே வருகிற வழியில் ஓரிடத்தில் மெல்லிய வளையக் கோடு ஒன்று விழுந்திருக்கும். அதுவரை ஒரு நிறம், அதற்கப்பால் கொஞ்சம் வேறு நிறம். எழுத்து எதுவரை வந்திருக்கிறது என்பது அதுதான். அண்ணாச்சி கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்காமலே, டிஸ்க்கைத் திருப்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு "இது ரிசப்ஷன் மட்டும்லா, முகூர்த்தம் எங்க?" என்று கேட்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அந்த ஊதா ஒரு சாயம். பாலிகார்பனேட்டில் 0.6 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு தகடுகளை ஒட்டிச் செய்ததுதான் டிவிடி. நடுவில் சாயமும் பளபளக்கும் உலோகப் பூச்சும் இருக்கும். தகட்டில் உள்ளிருந்து வெளியே சுருளாகச் செல்லும் ஒரு வரிப்பள்ளம் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருக்கும். சுற்றுக்குச் சுற்று இடைவெளி 0.74 மைக்ரான், சிடியில் அது 1.6. பள்ளத்தில் படிந்திருக்கிற சாயத்தை 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் சுட்டுச் சுட்டுப் புள்ளி வைக்கும். கடையில் விற்கிற சினிமா டிவிடி இப்படி இல்லை. அதில் குழிகளை அச்சிலேயே அழுத்தி அலுமினியம் பூசிவிடுகிறார்கள், சாயமே கிடையாது.

மோசர் பேயர் 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடி என்று படங்களை விற்க ஆரம்பித்தபோது இந்த வித்தியாசத்தைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "முப்பத்தி நாலு ரூவாய்க்குப் படமே கெடைக்கு. ஒரு எக்ஸ்ட்ரா காப்பிக்கு நீங்க இவ்வளவு கேக்கிய?" லட்சக்கணக்கில் அச்சடிப்பது வேறு, ஒன்றொன்றாகச் சுடுவது வேறு என்று நான் விளக்கப் போனால் அண்ணாச்சி கண்ணைக் காட்டுவார். காப்பி விலையில் பத்து ரூபாய் குறைத்துவிடுவார். அவர் விளக்கம் அதுதான்.

சரி, பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் உள்ளே என்னதான் வித்தியாசம்? லேசர் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வதற்கு அடையாளம் வேண்டும். அந்த வரிப்பள்ளம் நேராக ஓடாது. மெல்ல நெளிந்து நெளிந்து ஓடும். டிரைவ் அந்த நெளிவை எண்ணித்தான் சுழலும் வேகத்தைச் சரிசெய்யும். மைனஸில் நெளிவு மெதுவானது, 1எக்ஸ் வேகத்தில் 140.6 கிலோஹெர்ட்ஸ்; முகவரி நெளிவில் இல்லை, பள்ளங்களுக்கு நடுவே உள்ள மேட்டில் வைத்த சிறு குழிகளில் இருக்கிறது. பிளஸ்ஸில் நெளிவு 817.4 கிலோஹெர்ட்ஸ், முகவரியும் அந்த நெளிவுக்குள்ளேயே பொதிந்திருக்கும். வேகமாக எழுதும்போதும், நிறுத்திவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரும்போதும் பிளஸ் துல்லியமானது என்று பொறியாளர்கள் சொல்வார்கள். நான் இரண்டையும் கூடை கூடையாக எழுதியவன். எழுதும்போது எனக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்ததில்லை. கொள்ளளவில் மட்டும் ஒரு வம்பு இருந்தது. மைனஸில் 4,707,319,808 பைட், பிளஸ்ஸில் 4,700,372,992. கிட்டத்தட்ட 7 எம்பி குறைவு. மைனஸுக்கென்று விளிம்புவரை நிரப்பிச் செய்த இமேஜ் பிளஸ்ஸில் ஏறாது. இரண்டையுமே விண்டோஸ் 4.4 ஜிபிக்கும் குறைவாகத்தான் காட்டும். அதைப் பார்த்து "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்று சண்டைக்கு வந்தவருக்கு, அவர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

பிளேயர் விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு டிஸ்க்கின் உள் ஓரத்திலும் "நான் இன்ன ஜாதி" என்று சொல்லும் ஒரு குறிப்பு உண்டு. புக் டைப் என்பார்கள். பழைய பிளேயர்களில் சில முதலில் அதைத்தான் படிக்கும். தெரியாத ஜாதி என்றால் படத்தை எட்டிப் பார்க்காமலே வெளியே தள்ளிவிடும். பிளஸ் வருவதற்கு முன்னால் செய்த பிளேயருக்குப் பிளஸ் என்றால் என்னவென்று எப்படித் தெரியும்? மைனஸில் அந்தக் குறிப்பு தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது, மாற்ற முடியாது. பிளஸ்ஸிலோ எழுதும் டிரைவ் ஒத்துக்கொண்டால் அந்த இடத்தில் 'டிவிடி ராம்' என்று போட்டுவிடலாம், அதாவது அச்சடித்த சினிமா டிவிடி என்று. இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருளில் இதற்கென்று ஒரு பொத்தானே இருந்தது. அண்ணாச்சி இதற்கு "பேர் மாத்துறது" என்று பெயர் வைத்தார். பெயர் மாற்றிய பிளஸ், மைனஸே ஏறாத சில கிழட்டுப் பெட்டிகளில்கூட ஓடியது. அன்றைக்கு ரிச்சி ஸ்ட்ரீட் வேதம் எங்கள் கடையில் காலாவதியானது. ஆனாலும் அண்ணாச்சி கழித்தல் குறி போட்ட டப்பாவைத்தான் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருந்தார்.

உண்மையான தலைவலி அழித்து எழுதும் டிஸ்க்குகளில்தான். எடிட்டிங் முடிந்ததும் குடும்பத்தார் பார்த்து, "இந்த அத்தைய விட்டுட்டீய", "அந்தப் பாட்ட மாத்துங்க" என்று சொல்வதற்காக ஒரு புரூஃப் காப்பி கொடுப்போம். அதற்கு ஆர்டபிள்யூதான் லாபம்; திரும்பி வந்ததும் அழித்து அடுத்த கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆயிரம் தடவை அழித்து எழுதலாம் என்பது கணக்கு. அதில் சாயம் கிடையாது. வெள்ளி, இண்டியம், ஆண்டிமனி, டெல்லூரியம் கலந்த ஓர் உலோகக் கலவை. சீனிப் பாகை நிதானமாக ஆறவிட்டால் கல்கண்டாகக் கட்டுகிறது, சட்டென்று குளிரவைத்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது இல்லையா? அதே கதைதான். லேசர் பலமாகச் சுட்டு உடனே விட்டால் அந்த இடம் ஒழுங்கில்லாமல் உறைந்து மங்கும்; மிதமாகச் சூடாக்கினால் மறுபடி படிகமாகிப் பளபளக்கும். எழுதுவதும் அழிப்பதும் அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால் இந்தக் கலவை வெளிச்சத்தைக் குறைவாகவே திருப்பி அனுப்பும். சாதாரண டிவிடி 45 சதவீதத்துக்கு மேல் பிரதிபலிக்க வேண்டும். ஆர்டபிள்யூ 18லிருந்து 30 வரைதான். இரண்டு அடுக்குள்ள சினிமா டிவிடியும் அதே அளவுதான் பிரதிபலிக்கும். பழைய பிளேயர் இதை இரட்டை அடுக்கு என்று நினைத்துக்கொண்டு, இல்லாத இரண்டாவது அடுக்கைத் தேடிக்கொண்டே இருக்கும். கர்… கர்… என்று லென்ஸ் மேலும் கீழும் போகிற சத்தம் கேட்கும், திரையில் 'நோ டிஸ்க்' என்று வரும். "அண்ணாச்சி, கல்யாணமே ஓட மாட்டக்கு" என்று பதறி வருவார்கள். இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, கடைசியில் புரூஃப் காப்பியையும் மலிவான ஆரிலேயே போட்டுக் கொடுத்துவிட்டோம். வீணாய்ப் போன டிஸ்க்குகளை அண்ணாச்சி மூட்டை கட்டி ஊருக்குக் கொண்டுபோவார். வயலில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் காக்கா, குருவி அண்டாதாம்.

எங்கள் பக்கத்துக் கல்யாண வீடியோ மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. நான் எத்தனை முறை சொல்லியும் அண்ணாச்சி குறைக்கச் சம்மதிக்க மாட்டார். ஒவ்வொரு சொந்தக்காரரும் ஒரு தடவையாவது முகம் காட்ட வேண்டும். மூன்று மணி நேரத்தை 4.7 ஜிபிக்குள் அடைத்தால் விநாடிக்கு மூன்றரை மெகாபிட்டுக்குள்தான் படம், பாட்டு எல்லாம். நாதஸ்வரக்காரரை அசையாமல் காட்டும்வரை பிரச்சினை இல்லை. கெட்டிமேளம் கொட்டி எல்லோரும் அட்சதை தூவுகிற அந்தச் சில விநாடியில், திரை முழுக்க ஆயிரம் பொட்டுகள் பறக்கும்போது, எம்பெக் மூச்சுத் திணறிவிடும். மணமகளின் முகம் கட்டம் கட்டமாக உடையும். எந்தக் காட்சிக்காக இவ்வளவு செலவு செய்தார்களோ அந்தக் காட்சி.

அதற்கு மருந்தாகத்தான் இரட்டை அடுக்கு டிஸ்க்கை வாங்கினோம். பிளஸ்ஸில் 2004ல் வந்தது, மைனஸில் 2005ல், 8.5 ஜிபி. ஒரே பக்கத்தில் இரண்டு சாய அடுக்கு. மேலடுக்கு பாதி ஒளி ஊடுருவும்படி இருக்கும். லேசர் உள்ளிருந்து வெளியே எழுதிக்கொண்டு போய், விளிம்பில் குவியத்தை மாற்றி, அடுத்த அடுக்கில் வெளியிலிருந்து உள்ளே திரும்பி வரும். பிளேயரும் அதே வழியில்தான் படிக்கும். அந்த மாற்றம் நடக்கிற கணத்தில் பல பிளேயர்களில் படம் அரை விநாடி உறைந்து நிற்கும். இரண்டாம் அடுக்கு முதல் அடுக்கைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்பதால் அந்த இடம் கிட்டத்தட்ட நடுவில்தான் விழுந்தாக வேண்டும். எங்கள் வீடியோவில் முதல் பாதி முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்பு. அப்படியென்றால் நடுவில் என்ன வரும்?

தாலி. கை கழுத்துக்குப் போகிறது, முடிச்சு விழப்போகிறது, நிற்கிறது. பெண்ணின் பாட்டி அதைப் பார்த்து சகுனம் சரியில்லை என்று சொல்லிவிட்டார்களாம். அண்ணாச்சி அந்த வீட்டுக்கு நேரில் போய், பிளேயரைக் குறை சொல்லி, ஒருவழியாகச் சமாளித்துத் திரும்பினார். வந்ததும் வராததுமாக என்னிடம், "ஏலே, அந்த நிக்கிற எடத்த நம்ம இஷ்டத்துக்கு வைக்க முடியுமா?" என்று கேட்டார். முடியும். ஆத்தரிங்கில் காட்சிகளைத் துண்டுகளாகப் பிரித்து வைத்தால், எந்தத் துண்டின் எல்லையில் அடுக்கு மாறலாம் என்று இம்க்பர்ன் பட்டியல் போட்டுக் கேட்கும். அன்றிலிருந்து எங்கள் கடை இரட்டை அடுக்குக் கல்யாணங்களில் மாப்பிள்ளை அழைப்பு முடிந்து திரை இருண்டு, பிள்ளையார் படம் வந்து, மறுநாள் காலை ஆரம்பிக்கிற இடத்தில்தான் டிஸ்க் மூச்சு வாங்கும். அங்கே அரை விநாடி நின்றால் யாருக்குத் தெரியப்போகிறது? இதற்காகவே முதல் நாளைக் கொஞ்சம் இழுத்து எடிட் செய்திருக்கிறேன்.

ஆனால் இரட்டை அடுக்கு விலை அதிகம், எழுதுவதும் மெதுவாக நடக்கும், பாதியில் கரன்ட் போனால் போச்சு. 2012ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது யுபிஎஸ் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்த்துத்தான் எழுதவே உட்காருவோம். பணக்காரக் கல்யாணத்துக்கு மட்டும் என்று அது ஒதுங்கிவிட்டது.

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் கையில் திடீரென்று டிவிடி கேமரா முளைத்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் 8 சென்டிமீட்டர் குட்டி டிஸ்க், 1.4 ஜிபி, சாதாரணத் தரத்தில் அரை மணி நேரம் எடுக்கலாம். டேப்பை விட இது வசதி என்று அவர்களுக்கு எண்ணம். கேமராவைத் துபாயிலேயே வைத்துவிட்டு டிஸ்க்கை மட்டும் இங்கே கொண்டுவருவார்கள். எங்கள் டிரைவில் போட்டால் காலி டிஸ்க் என்று காட்டும். டியூப்லைட்டில் பிடித்தால் எழுதிய வளையம் கண்ணுக்குத் தெரிகிறது, கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. காரணம், ஃபைனலைஸ் செய்யவில்லை. எழுதி முடித்ததும் உள் ஓரத்தில் முகப்பையும் வெளி ஓரத்தில் முடிவையும் எழுதி மூடினால்தான் வேறு பெட்டிகள் அதை ஒரு டிவிடியாகவே மதிக்கும். எடுத்த கேமராவிலேயே அந்தப் பொத்தானை அமுக்கியிருந்தால் சில நிமிட வேலை. இங்கே ஐசோபஸ்டர் மாதிரி மென்பொருளை வைத்துத் துழாவி, துண்டு துண்டாக எடுத்து ஒட்டவேண்டியிருந்தது. சில கேமராக்களில் டிவிடி ராம் குட்டி டிஸ்க்கும் போடலாம். இந்த ராம் வேறு, முன்னால் சொன்ன சினிமா ராம் வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. இது பானசோனிக் தரப்பு முன்னிறுத்திய வகை. லட்சம் தடவை அழித்து எழுதலாம் என்பார்கள். பார்த்த உடனே கண்டுபிடித்துவிடலாம். அடிப்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னச் செவ்வகக் கோடுகள் வரிசையாகத் தெரியும். எல்லா வகையிலும் உறுதியானது இதுதான் என்பது என் அபிப்பிராயம். எங்கள் ஊர்ப் பிளேயர்கள் ஒன்றுகூட அதைச் சீந்தவில்லை.

இத்தனை குறிகளை மனப்பாடம் செய்துவைத்திருந்த எங்களை உண்மையில் கவிழ்த்தது எந்தக் குறியும் இல்லை. டிஸ்க்கை யார் செய்தார்கள் என்பதுதான். அட்டையில் இருக்கிற பெயர் வேறு, செய்த தொழிற்சாலை வேறு. பெரிய பெரிய பிராண்டுகளே வெளியில் வாங்கித் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டன. நிஜமான ஊர் பெயர் டிஸ்க்குக்குள் இருக்கிறது. மீடியா கோட் என்று ஒன்றை டிரைவ் படித்துச் சொல்லும். 'எம்சிசி' என்று வந்தால் மிட்சுபிஷி கெமிக்கல், 'டிஒய்ஜி' என்றால் ஜப்பானின் தையோ யூடன், 'ரைடெக்' என்றும் 'சிஎம்சி' என்றும் வந்தால் தைவான். டிரைவும் அந்தக் கோடைப் பார்த்துத்தான் லேசரை எவ்வளவு பலத்தில் சுடுவது என்று தன் பட்டியலிலிருந்து எடுக்கும். தெரியாத கோடு என்றால் குத்துமதிப்பு. நீரோ மென்பொருளில் 'பவர் கேலிப்ரேஷன் எரர்' என்று வந்து எழுத ஆரம்பிக்கும் முன்பே டிரைவ் கைவிரிக்கிற சமயங்களில் டிரைவை அடிக்காதே, டிஸ்க்கை மாற்று என்று பிறகு கடையில் சேர்ந்த பையன்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு சீசனில் மலிவாகக் கிடைத்தது என்று பெட்டி பெட்டியாக வாங்கிய டிஸ்க்குகள், நல்ல கம்பெனிப் பெயர் போட்டவை. எழுதும்போது சுத்தம், சோதித்தபோது சுத்தம். இரண்டு மூன்று வருடத்தில், அந்தச் சீசன் கல்யாணங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரத் தொடங்கின, முதல் குழந்தையோடு. "இவன் பாக்கணும்ங்கான், ஓட மாட்டக்கு." மீடியா கோடைப் படித்துப் பார்த்தால் அட்டைப் பெயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நல்லவேளை, அண்ணாச்சி கல்யாணத்தை எடுத்த மினிடிவி டேப்புகளை எறியாமல் வைத்திருந்தார். ஒரு மணி நேர டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு மணி நேரம், 13 ஜிபி இடம், மறுபடி எடிட்டிங். காசு வாங்கவில்லை. அதன் பிறகு டிஸ்க் விலையில் மட்டும் அவர் பேரம் பேசியதில்லை.

சாயம் வெயிலுக்கு ஆகாது. எங்கள் ஊரில் டிவியை ஜன்னல் ஓரம் வைத்து, அதன் மேல் டிஸ்க்கைக் கவர் இல்லாமல் மல்லாத்தி வைப்பவர்கள்தான் அதிகம். நாங்களும் பங்குக்குப் பாவம் செய்திருக்கிறோம். மாப்பிள்ளையும் பெண்ணும் சிரிக்கிற வட்ட ஸ்டிக்கரை டிஸ்க் முழுக்க ஒட்டிக் கொடுப்பதுதான் அப்போது மோஸ்தர். வெயிலில் பசை இளகி, ஓரம் தூக்கி, வேகமாகச் சுழலும்போது டிஸ்க் தள்ளாடும். பிறகு வெள்ளை மேல்பரப்புள்ள டிஸ்க் வந்து, எப்சன் இங்க்ஜெட்டில் நேராகவே அச்சடித்தோம். கீறல் விஷயத்தில் டிவிடி சிடியைவிடத் தேவலை. சிடியில் உலோகப் பூச்சு மேல் பக்கம் வெறும் வார்னிஷுக்குக் கீழே இருப்பதால், பெயர் எழுதுகிறேன் என்று பால்பாயின்ட் பேனாவை அழுத்தினாலே படம் போய்விடும். டிவிடியில் அது இரண்டு தகடுகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது. ஆனால் ஒட்டு விட்டுப்போனால் விளிம்பு வழியாக ஈரம் நுழையும். உறையின் இறுக்கமான நடுக்குமிழிலிருந்து டிஸ்க்கை வளைத்துப் பிடுங்குகிறவர்கள் அதற்குத்தான் வழி செய்கிறார்கள்.

மோசர் பேயரை 2018ல் கலைக்கச் சொல்லி உத்தரவாகிவிட்டது. தையோ யூடன் அதற்கு முன்பே, 2015 இறுதியோடு இந்தத் தொழிலிலிருந்து ஒதுங்கியது. அண்ணாச்சி இப்போது ஆல்பம் மட்டும். நான் வீட்டிலேயே பழைய டிஸ்க்குகளை பென் டிரைவில் ஏற்றிக் கொடுக்கிறேன். இன்றைய லேப்டாப்பில் டிஸ்க் போட இடமே இல்லாததால் கூட்டம் வருகிறது. வெவ்வேறு கம்பெனி டிரைவ்கள் சிலவற்றை வைத்திருக்கிறேன். ஒன்று படிக்காததை இன்னொன்று படிக்கும். முதலில் டிஸ்க்கைத் தண்ணீரில் கழுவி, மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடைப்பேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது. பிறகு வேகத்தைக் குறைத்துவைத்துப் படிக்க விடுவேன். பெரும்பாலும் வெளி ஓரம்தான் முதலில் கெடுகிறது. அங்கேதான் பந்தி இருக்கும், மறுவீடு இருக்கும்.

போன மாதம் ஒரு அக்கா வந்தார்கள். 2006 கல்யாணம், எங்கள் கடை டிஸ்க்தான், மைனஸ் ஆர். எல்லா டிரைவிலும் போட்டுப் பார்த்து, முக்கால்வாசி வந்தது. மீதியில் அங்கங்கே ஓட்டை.

"மாப்பிள்ளை வீட்டுக்கும் அன்னைக்கு ஒரு காப்பி குடுத்திருப்போமே அக்கா, அது இருக்கா?" என்றேன். ஒரே இமேஜிலிருந்து எழுதிய இரண்டு டிஸ்க் என்றால், டிடிரெஸ்க்யூ என்ற நிரலில் முதலாவதில் படிக்க முடியாத இடங்களை மட்டும் இரண்டாவதிலிருந்து எடுத்து நிரப்பலாம். 2,048 பைட் கொண்ட செக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒட்டும். இரண்டும் ஒரே இடத்தில் கெட்டிருப்பது அபூர்வம்.

அக்கா முகத்தைச் சுளித்தார்கள். "அந்த வீட்டுல எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லயே தம்பி. சொத்துத் தகராறு."

"நம்பர மட்டும் குடுங்கக்கா, நான் பேசிக்கிடுதேன்" என்றேன்.